விளையாட்டு முடிந்ததும் “பறவை அலகை மாத்திக்கிச்சு மிஸ்” என்கிறார்கள். பரிணாமத்தைக் கையால் செய்து காட்டுவது எப்படி?

சனிக்கிழமை_வகுப்பு:

வணக்கம். ஒரு நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்முறை நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, ஆய்வகமும் கிடையாது. பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் 22 பேர் வருகிறார்கள். மின்சுற்று, லென்ஸ், ஊசல் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. பரிணாமத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். அதைச் சொல்லி வழி கேட்கத்தான் இந்தப் பதிவு.

நடத்தியது பலருக்கும் தெரிந்த அலகு விளையாட்டு. ஒருவர் கையில் கரண்டி, ஒருவர் கையில் இடுக்கி, ஒருவர் கையில் துணி கிளிப். கையில் இருப்பதுதான் உன் அலகு. தரையில் பாசிமணி, ரப்பர் பேண்ட், தீக்குச்சி எல்லாம் கொட்டிக் கிடக்கும். முப்பது நொடியில் குவளையில் அதிகம் சேர்த்தவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்கள் சுவரோரம். ஒரே ரகளை. கீழே படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மாடியேறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

இரண்டாவது சுற்றில் இடுக்கிக்காரி ஒருத்திக்கு ஒன்றுமே சிக்கவில்லை. வெளியேறின பையன் போட்டுவிட்டுப் போன கரண்டியை நைசாக எடுத்துக்கொண்டாள். பிடித்துவிட்டேன். “இல்ல மிஸ், நான் பரிணமிச்சுட்டேன்” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அவள் குறும்பு செய்யவில்லை. நான் நடத்திய விளையாட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதைத்தான்.

முடிவில் ‘இன்று என்ன நடந்தது?’ என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதச் சொல்லியிருந்தேன். 19 தாளில் சுற்றிச் சுற்றி ஒரே வாசகம்: இரை மாறியதால் பறவைகள் தங்கள் அலகை மாற்றிக்கொண்டன. இரண்டு பேர், பலசாலிதான் ஜெயிப்பான் என்று எழுதியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவன் ‘எனக்கு கிளிப் பிடிக்கவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தான். இருந்ததில் தப்பில்லாத பதில் அவனுடையதுதான்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணி நேரம் இருக்கிறது. தாள், துணி, பொத்தான், நூல் மாதிரியான சாமான்கள் கிடைக்கும். இந்த விளையாட்டைத் தூக்கிப் போடுவதா, சரிசெய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படித்ததை அப்படியே ஒட்ட வேண்டாம், அதெல்லாம் நானும் படித்துவிட்டேன்.


ஓய்வுபெற்ற_உயிரியல்:

அந்தக் கரண்டிக்காரியை எனக்குப் பிடித்துவிட்டது. அவளைத் திட்டிவிடாதீர்கள்.

நானும் இதே விளையாட்டை வருடக்கணக்கில் தப்பாக நடத்தியவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். பிள்ளையைப் பறவையாக்கியதுதான் கோளாறு. பிள்ளைக்கு மூளை இருக்கிறது, தோற்கக்கூடாது என்ற ரோஷம் இருக்கிறது. தன் கையை அது உடனே திருத்திக்கொள்ளும். இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. ஜெயித்த அலகுக்குக் குஞ்சு பொரிக்கவில்லை. பிழைத்தவர்களோடு ஆட்டம் முடிந்துவிட்டால் அது ஓட்டப்பந்தயம். குஞ்சு வேண்டும், குஞ்சு தாயைப் போல இருக்க வேண்டும், அது எத்தனை என்று எண்ண வேண்டும். எண்ணாமல் பரிணாமம் கண்ணில் படாது.

ஆகவே பிள்ளைகளை வேட்டையாடிகளாக்குங்கள். மாற வேண்டியது காகிதம். காகிதத்துக்கு ரோஷம் கிடையாது.

பூப்போட்ட துணி இரண்டு மீட்டர், எவ்வளவுக்குக் கசகசவென்று அச்சடித்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. பஞ்சிங் மெஷினில் வெட்டிய காகித வட்டங்கள், ஐந்து நிறம், நிறத்துக்கு 20. மொத்தம் 100. ஒரு பிள்ளை அவற்றைத் துணியில் தூவும்போது மற்ற நால்வரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிறகு திரும்பி, கண்ணில் முதலில் பட்டதை ஒன்றே ஒன்று எடுத்து, நிமிர்ந்து, குவளையில் போட்டுவிட்டு மறுபடி குனிய வேண்டும். அள்ளக்கூடாது. இந்த நிமிர்ந்து குனிவது முக்கியம். இல்லாவிட்டால் ஒரே மூலையிலேயே மேய்ந்துகொண்டிருப்பார்கள். 75 போனதும் நிறுத்துங்கள். மிச்சம் இருக்கிற 25-ஐ நிறவாரியாக எண்ணிக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று குட்டி. மறுபடி 100. மறுபடி தூவு.

என் பழைய நோட்டில் ஒரு வகுப்பின் கணக்கு இருக்கிறது. முதல் வேட்டைக்குப் பின் பழுப்பு 9, பச்சை 8, மஞ்சள் 4, நீலம் 3, வெள்ளை 1. குட்டி போட்டதும் 36, 32, 16, 12, 4. இரண்டாவது வேட்டைக்குப் பின் பழுப்பு 13, பச்சை 9, மஞ்சள் 2, நீலம் 1, வெள்ளை பூஜ்யம். எந்த ஒரு காகிதமும் நிறம் மாறவில்லை, கூட்டம் மட்டும் நிறம் மாறிவிட்டது. இதை நீங்கள் வாயால் சொல்லாதீர்கள். “எந்தக் காகிதம் மாறிச்சு, எடுத்துக் காட்டு” என்று மட்டும் கேளுங்கள். தேடுவார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பாடம். துணியை உருவிவிட்டு வெள்ளை விரிப்பைப் போடுங்கள். “இனி என்ன ஆகும்?” என்றால் கூட்டமாகக் கத்துவார்கள்: “வெள்ளை வரும்!” சரி, வரட்டும். தூவுங்கள். வேட்டை. எண்ணு. வெள்ளை வரவில்லை. இன்னொரு தலைமுறை. வரவில்லை. வெள்ளை இப்போது எவ்வளவு உபயோகமானது என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஆனால் பூஜ்யத்தை நாலால் பெருக்கினால் பூஜ்யம்தான். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அவசரப்பட்டு அந்த அமைதியைக் கலைத்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் அந்துப்பூச்சிக் கதையை அங்கே சொல்லலாம். பிஸ்டன் பெட்டுலாரியா என்பது அதன் பெயர். 1848-இல் அங்கே கறுப்பு வகை ஒன்று பதிவானது. ஆலைப் புகையில் மரங்கள் கறுத்துப்போக, வெளிர் வகைதான் பறவைகளின் கண்ணில் பட்டது. 1895 வாக்கில் அந்த ஊரில் 98 சதவீதம் கறுப்பு. புகையைக் கட்டுப்படுத்திய பிறகு வெளிர் வகை திரும்பிவந்தது. ஏன் திரும்ப முடிந்தது? மொத்தமாக அழியவில்லை. வெளிர் நிறம் எங்கோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. உங்கள் துணியில் அது மிச்சம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரு வருடம் பச்சைத்தாள் தீர்ந்துபோய், பச்சையை மட்டும் பழைய அட்டையில் வெட்டினேன். இலை போட்ட துணியில் பச்சைதான் பிழைக்க வேண்டும். முதல் சுற்றிலேயே பச்சை காலி! எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேகமாகப் பொறுக்குகிற பையன் ஒருவன்தான் சொன்னான்: “டீச்சர், பச்சை கைக்குத் தட்டுப்படுது.” கண்ணை நம்பாமல் விரலால் தடவி எடுத்திருக்கிறான்கள். அட்டை தடிமன், சட்டென்று நகத்தில் சிக்கும். நான் நிறத்துக்கு வைத்த ஆட்டம், தடிமனுக்கு நடந்திருக்கிறது. அன்று திட்டமிட்ட பாடம் போயே போய்விட்டது. அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் பச்சை அட்டையைத்தான் விசாரிக்கிறார்கள்.


சனிக்கிழமை_வகுப்பு:

டீச்சர், இதை வாசித்துவிட்டு உடனே பஞ்சிங் மெஷினைத் தேடி எடுத்தேன். ஒரு சந்தேகம். “அப்போ வெள்ளை வரவே வராதா, முதல் வெள்ளை எங்கிருந்து வந்துச்சு?” என்று கட்டாயம் ஒருத்தர் கேட்பார். கரண்டிக்காரியே கேட்பாள். அங்கே என்ன செய்வது?


பிழைதிருத்தி:

அந்தச் சந்தேகத்துக்கு வேறு யாராவது சரியாகப் பதில் சொல்வார்கள். நான் உயிரியல் படித்தவன் அல்ல, அறிவியல் நூல்களுக்குப் பிழை பார்க்கிறவன். உங்கள் 19 தாள்களில் தப்பு பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, நம் வாக்கியத்திலும் இருக்கிறது என்பதைச் சொல்ல வந்தேன்.

‘மாற்றிக்கொண்டன’ என்பதில் அந்த ‘கொள்’ளைக் கவனியுங்கள். சட்டையை மாட்டிக்கொண்டான், கதவைச் சாத்திக்கொண்டான், வேலையைக் கற்றுக்கொண்டான். தனக்காகத் தானே செய்தால் கொள். தமிழில் இதைவிடத் துல்லியமான துணைவினை கிடையாது. அதைப் போய் நாம் ஒட்டகச்சிவிங்கிக்குக் கொடுக்கிறோம்: கழுத்தை நீட்டிக்கொண்டது. பாலைச் செடிக்குக் கொடுக்கிறோம்: இலையை முள்ளாக்கிக்கொண்டது. ‘தகவமைத்துக்கொள்ளுதல்’ என்று கலைச்சொல்லுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. மேசையில் வரும் கையெழுத்துப் பிரதிகளில் வாரத்துக்குப் பத்து ‘கொள்’ வெட்டுகிறேன்.

அடுத்தது ‘இயற்கைத் தேர்வு’. தேர்வு என்றதும் பிள்ளைக்கு ஞாபகம் வருவது வினாத்தாள். இயற்கை என்று ஒரு மேற்பார்வையாளர் நிற்கிறார், தயாரித்து வந்தவர்கள் பாஸ். உங்களிடம் ‘பலசாலி ஜெயிப்பான்’ என்று எழுதிய இருவரும் இந்த வழியாக வந்தவர்களாக இருக்கலாம். ‘தெரிவு’ என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் சூடு தணியும். ‘தக்கது பிழைக்கும்’ என்பதே டார்வினின் சொந்தச் சொல் அல்ல. ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் எழுதியதை டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலுக்கு 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் எடுத்து வைத்தார். அதில் ‘தக்கது’ என்பது பூட்டுக்குச் சாவி பொருந்துகிற மாதிரியான பொருத்தம். நாம் அதை ‘வல்லவன் வாழ்வான்’ ஆக்கி, குஸ்தி மைதானத்தில் இறக்கிவிட்டோம்.

‘பரிணாம வளர்ச்சி’யும் எனக்குப் பிடிக்காது. வளர்ச்சி என்றால் மேலே போவது. குகையில் கண் இழந்த மீனும் பரிணாமம்தான், அதை எந்த வளர்ச்சியில் சேர்ப்பது? இலங்கைத் தமிழில் ‘கூர்ப்பு’ என்பார்கள். அழகான சொல், ஆனால் அதிலும் கூர்மையாகிக்கொண்டே போகிற வாடை அடிக்கிறது. இங்கே ஒரு வேடிக்கை. டார்வின் நூலுக்கு 1859-இல் வந்த முதல் பதிப்பில் ‘எவல்யூஷன்’ என்ற சொல்லே கிடையாது, அந்நூலின் கடைசிச் சொல்லாக மட்டும் ‘எவால்வ்ட்’ வருகிறது. டார்வின் பெரும்பாலும் சொன்னது, மாற்றத்தோடு வழிவழியாக வருதல் என்ற பொருளில். ‘வழிவழி’ நம்மிடமே இருக்கிற சொல். பதினோரு வயதுக்கு அது போதும்.

நடைமுறைக்கு ஒரு யோசனை. அன்றைக்கு மட்டும் வகுப்பில் ‘கொண்டது’ தடை. யார் வாயில் வந்தாலும், நீங்கள் உட்பட, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “அலகை மாற்றிக்கொண்டன” என்றவன், “அந்த அலகு உள்ளவை அதிகம் குஞ்சு பொரித்தன” என்பதற்குள் தானே வந்து சேருவான். வேறு வழி இருக்காது.


ஆய்வகப்_பூனை:

பிழைதிருத்தி சார், எங்க கருத்தரங்குலயே பாக்டீரியா “எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது”ன்னுதான் பேசுறோம். அடி பலமா விழுந்திருக்கு.

மேடம், நீங்க கேட்ட முதல் வெள்ளைக்கு ஒரு உறை போதும். எட்டு, பத்து நிறத்துல வட்டங்கள், கொஞ்சம் வேற வடிவமும் போடுங்க, உறைக்குள்ள போட்டு மூடுங்க. ஒவ்வொரு தலைமுறையிலும் 75 குட்டி பிறக்குதில்ல, அதுல 25-க்கு ஒண்ணு தாயோட நிறத்துல வராது. கண்ணை மூடிக்கிட்டு உறையிலிருந்து எடுக்கறதுதான் அதோட நிறம். அடுத்து என்ன துணி வரப்போகுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். இந்த வரிசையை மாத்தினா எல்லாம் கெட்டுச்சு, தேவைக்கேத்த மாதிரி நிறம் வருதுன்னு ஆயிடும். எடுக்கறதுல பாதிக்கு மேல உதவாது. சிவப்பு வரும், அடுத்த வேட்டையிலேயே போயிடும். ரொம்ப நாள் கழிச்சு ஒரு வெள்ளை வரும். வந்தப்போ விரிப்பு வெள்ளையா இருந்தா அதுக்கு யோகம்.

இதுக்கு நிஜ உதாரணம் வேணும்னா அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில ஆரம்பிச்ச சோதனையைச் சொல்லுங்க. ஒரே மூதாதை ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து 12 குடுவை. தினமும் நூத்துல ஒரு பங்கை எடுத்துப் புதுத் திரவத்துல விடணும், அவ்வளவுதான் வேலை. அந்தத் திரவத்துல குளுக்கோஸ் கொஞ்சம்தான், சிட்ரேட் (எலுமிச்சைப் புளிப்போட உப்பு) நிறைய. ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால சிட்ரேட்டைச் சாப்பிட முடியாது. பன்னிரண்டு குடுவைக்கும் ஒரே பசி, எதிர்லயே சாப்பாடு. 31,000 தலைமுறைக்கு மேல போன அப்புறம் ஒரே ஒரு குடுவையில மட்டும் சிட்ரேட் சாப்பிடற வகை வந்துச்சு. 2008-ல கட்டுரை போட்டாங்க. தேவை பன்னிரண்டுக்கும் இருந்துச்சு, வந்தது ஒண்ணுக்குத்தான். உங்க வகுப்புக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியலை. (கதையா மட்டும் சொல்லுங்க. பிள்ளைங்களை வெச்சு பாக்டீரியா வளர்க்காதீங்க, அதுவும் மருந்து போட்டு வேண்டவே வேண்டாம்.)

அலகு விளையாட்டைத் தூக்கிப் போட வேணாம், கடைசி அரை மணிக்கு வெச்சுக்கங்க. அலகு பிள்ளையோட சொத்து இல்லை, ஒரு சீட்டுல எழுதி சட்டையில குத்திடுங்க. செத்தா சீட்டும் போச்சு. அந்தப் பிள்ளை பிழைச்ச ஒருத்தருக்குக் குட்டியா மறுபடி பிறக்கும், தாயோட அலகைத்தான் வாங்கிக்கும். கரண்டி திருட்டு நின்னுடும்.

அந்த விளையாட்டுக்குப் பின்னாடி இருக்கற நிஜத்தையும் சொல்லுங்க. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு உயிரியலாளர் தம்பதி 1973-லேர்ந்து பசிபிக் கடல்ல இருக்கற கலாபகஸ் தீவுக்கூட்டத்துல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித்தீவுல குருவிகளைப் பிடிச்சு, காலுக்கு வளையம் போட்டு, அலகை அளந்துக்கிட்டே இருந்தாங்க. 1977-ல மழையே இல்லை. சின்ன விதை தீர்ந்துபோச்சு. மிச்சம் இருந்தது பெரிய, கெட்டியான விதை. அதுல முக்கியமானது நம்ம நெருஞ்சிக்கு நெருங்கின சொந்தம், அதே மாதிரி முள்ளுக்காய். அதை உடைக்கத் தடிச்ச அலகு வேணும். அங்க இருந்த நடுத்தரத் தரைக்குருவிகள்ல பெரும்பாலானது செத்துப்போச்சு. பிழைச்சதோட சராசரி அலகு, முன்னாடி இருந்த சராசரியைவிட அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். குஞ்சுகளுக்கும் தடிச்ச அலகு. எந்தக் குருவியும் தன் அலகைத் தடிமனாக்க... பாருங்க, எனக்கும் ‘கொள்’ வந்துடப் பார்த்துச்சு.

அதோட நிறுத்திடாதீங்க. 1983-ல எல் நினோ (பசிபிக் கடல் சூடாகற நிலை) வந்து மழை கொட்டி சின்ன விதை ஏராளமா முளைச்சப்போ, சின்ன அலகுக்கு யோகம் திரும்புச்சு. பலசாலி ஜெயிப்பான்னு எழுதின ரெண்டு பேருக்கும் இந்த 1983-ஐக் கொடுங்க. அரை மில்லிமீட்டர்னா எவ்வளவுன்னு அளவுகோல்ல காட்டச் சொல்லுங்க. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல பாதி. உயிர் போறதும் இருக்கறதும் அவ்வளவு இடத்துக்குள்ள நடந்திருக்கு.


கயிறு:

ரெண்டு பிள்ளைகளுக்கு அப்பன் நான், ஆசிரியர் இல்லை. மேலே சொன்னதெல்லாம் அருமை, ஒன்று விட்டுப்போச்சு: காலம். மூணு தலைமுறை காகிதத்தைப் பார்த்துட்டு, “இவ்வளவு சீக்கிரமாவா?”ன்னு என் மகன் கேட்டான்.

46 மீட்டர் கயிறு எடுங்க. ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி வருஷம், ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம். ஒரு முனை பூமி பிறந்தது, இன்னொரு முனை இன்னிக்கு. மாடி அறை பத்தாது, நடைபாதையில விரிங்க. இன்னிக்கு முனையிலிருந்து 35 மீட்டர் தள்ளி நுண்ணுயிர்களோட பழைய தடம். அதுக்கப்புறம் நடந்துக்கிட்டே இருக்கணும், கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணும் வராது. பிள்ளைங்க சலிச்சுப்போவாங்க, சலிக்கட்டும். 5.4 மீட்டர்ல கேம்பிரியன்ங்கற காலம் தொடங்குது, விதவிதமான விலங்குங்க புதைபடிவத்துல குவியுது. 2.3 மீட்டர் பக்கத்துல டைனோசர். 66 சென்டிமீட்டர்ல அதுக பறவையை மட்டும் விட்டுட்டுப் போயிடுது. நம்ம இனம் கடைசி மூணு மில்லிமீட்டர். என் மகள் கயிறு நுனியில இருந்த பிசிரைக் காட்டி, “நாம இந்தப் பிசிரா?”ன்னா.

சின்ன வேடிக்கை ஒண்ணு. முதுகுல தகடு வெச்ச ஸ்டெகோசாரஸ் ஒன்றரை மீட்டர்ல. டைரனோசாரஸ் 66 சென்டிமீட்டர் பக்கம். ஒரே படத்துல ரெண்டும் சண்டை போடற மாதிரி போடுவாங்களே, கயிறுல பார்த்தா டைரனோசாரஸ் ஸ்டெகோசாரஸைவிட நமக்குத்தான் கிட்ட.

“குரங்குலேர்ந்துதான் வந்தோமா?”ங்கற கேள்வியும் கயிறு மேலயே வரும். நான் சொன்னது: சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லைடா, பங்காளி. ஆறேழு சென்டிமீட்டருக்கு முன்னாடி ஒரு பொதுவான பாட்டன், அங்கேர்ந்து ரெண்டு குடும்பம் பிரிஞ்சது. பாகப்பிரிவினைக்கு அப்புறம் அவங்களும் சும்மா இல்லை, நாமும் சும்மா இல்லை. அதுக்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கலை. வேற கேள்வி கேட்டான், அது பாகப்பிரிவினையைப் பத்தி.

கூட்டமா செய்ய இன்னொண்ணு: மணிக்கட்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்கினா நடுவுல ஒரு நரம்பு மாதிரி புடைக்கும். நரம்பு இல்லை, பால்மாரிஸ் லாங்கஸ்ங்கற தசையோட நாண். சிலருக்கு ஒரு கையில இருக்காது, சிலருக்கு ரெண்டுலயும் இருக்காது. இல்லாட்டியும் பிடிப்புல பெரிய குறை கிடையாது. 22 பேர்ல ரெண்டு மூணு பேருக்காவது இல்லாம இருக்க வாய்ப்பு உண்டு. ஒரே வகுப்புக்குள்ளேயே வேறுபாடு இருக்குன்னு காட்ட இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனா “நீ எங்களைவிடப் பரிணமிச்சவன்”னு யாராவது ஆரம்பிப்பாங்க, அதை அப்பவே கிள்ளிடுங்க. எங்க வீட்டுல மகளுக்கு இல்லை, மகனுக்கு இருக்கு. ஒரு வாரம் சண்டை.


சனிக்கிழமை_வகுப்பு:

நேற்று நடத்திவிட்டேன். சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை, ஆனால் நடந்தது.

நாலு குழு, நாலு துணி. துளை போட்டுப் போட்டு வெள்ளிக்கிழமை இரவே என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒரே தடிமன் தாளாகத் தேடி வாங்கினேன், பச்சை அட்டைக்குப் பயந்து. ‘கொண்டது’ தடையில் முதல் ஆளாக நானே மாட்டினேன்: “எல்லாரும் துணியைச் சுத்தி நின்னுக்கோங்க.” அதெல்லாம் கணக்கில் வராது என்று வாதாடிப் பார்த்தேன், விடவில்லை.

இரண்டாவது தலைமுறையில் மூன்று குழுக்களில் வெள்ளை காலி. நான்காவது குழுவின் துணியிலேயே வெள்ளைப் பூ நிறைய, அங்கே வெள்ளைதான் பண்ணையார். நான் அதை யோசிக்கவே இல்லை. அவர்களை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரே இனம் வேறு வேறு இடத்தில் வேறு வேறு மாதிரி ஆவது தானாகவே மேசையில் வந்துவிட்டது.

வெள்ளை விரிப்பைப் போட்டதும் டீச்சர் சொன்ன அதே கூச்சல். பிறகு அதே அமைதி. அதைக் கலைத்தது கரண்டிக்காரிதான்: “இல்லாதது எப்படி மிஸ் வரும்?” கொஞ்சம் கோபமாகவே கேட்டாள், நான் ஏமாற்றிவிட்ட மாதிரி. உறையை அவள் கையிலேயே கொடுத்தேன். முதலில் வந்தது கறுப்பு. அப்புறம் சிவப்பு. அப்புறம் மறுபடி கறுப்பு. ஐந்தாவது தலைமுறை வரை வெள்ளை வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது. எனக்குள் லேசாக ஏமாற்றம். அவளுக்கு இல்லை, “இன்னும் 31,000 இருக்கு மிஸ்” என்றாள்.

கயிற்றுக்கு நேரமில்லை, அடுத்த வாரம். மணிக்கட்டு மட்டும் செய்தோம். மூன்று பேருக்கு நாண் இல்லை. எனக்கும் இடது கையில் இல்லையாம். இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

தாளில் எழுதச் சொன்னதில் இந்தத் தடவை ‘மாற்றிக்கொண்டன’ ஆறு. பத்தொன்பதிலிருந்து ஆறு. மற்றவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையை எழுதியிருக்கிறார்கள். கிளிப் பிடிக்காத பையன் இந்த முறை அரைப் பக்கம் எழுதியிருக்கிறான், எல்லாம் அவனுடைய குழுவில் நீலம் ஏன் செத்தது என்பதைப் பற்றி.

கடைசியில் ஒரு வில்லங்கம். பூப்போட்ட துணியை மடிக்கும்போது, ஓரத் தையல் மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. முதல் சுற்றிலேயே உள்ளே போய்விட்டது போலிருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. உடனே பஞ்சாயத்து. அது செத்த கணக்கா, உயிரோடு இருக்கிற கணக்கா? அது நிறத்தால் பிழைக்கவில்லை, இடத்தால் பிழைத்தது, அதனால் செல்லாது என்று ஒரு கட்சி. எதனால் பிழைத்தால் என்ன, பிழைத்தது பிழைத்ததுதான் என்று இன்னொரு கட்சி. வாக்கெடுப்பில் இரண்டாவது கட்சி ஜெயித்தது. அடுத்த வாரம் வெள்ளை விரிப்பில் அந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டுமாம், தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் படியிறங்கும்போது கரண்டிக்காரி திரும்பி நின்று கேட்டாள்: “மிஸ், ஒத்தையா இருந்தா அது எப்படிக் குட்டி போடும்?” டீச்சர், இதற்கு என்ன சொல்ல?


ஓய்வுபெற்ற_உயிரியல்:

இந்த வாரத்துக்கு அதை, ஒற்றையாகவே பிளந்து பெருகுகிற அமீபா இனம் என்று சொல்லிச் சமாளியுங்கள். ஆண், பெண் என்று தொடங்கினால் உங்களுக்கு இன்னும் நாலு சனிக்கிழமையும் இரண்டு நிற நூலும் வேண்டியிருக்கும். நூல் வாங்கியதும் எழுதுங்கள்.